வேட்டொலி நடுவே ஒரு பொருளியல் வகுப்பு!

தன் வீட்டு வரவையும் செலவையும் அயலான் மொழியில் எழுதி வைத்துக்கொண்டு, அதனைப் படித்துச் சொல்லவும் அவ்வயலானையே அழைக்கும் ஒருவனின் பெட்டி நெடுநாள் நிறைந்திராது. வீட்டிற்குப் பொருந்துவது நாட்டிற்கும் பொருந்தும். விலை ஏன் ஏறுகின்றது? கூலி ஏன் இறங்குகின்றது? வரிச்சுமை எவன் தலையில் விழுகின்றது? கடனை வாங்கியவன் எவன், அதனைத் தீர்ப்பவன் எவன்? இவ்வினாக்களுக்கு விடை காணும் அறிவே பொருளியல். அவ்வறிவு உழவனும் நெசவாளனும் கடைக்காரனும் பேசுகின்ற மொழியில் ஓதப்பெறின், அது மக்களின் பொதுவுடைமையாகும். அவர்கட்கு விளங்காத மொழியில் ஓதப்பெறின், சிலர் இடுப்பில் மட்டும் தொங்கும் திறவுகோலாகவே அஃது இருந்துவிடும்.

“பொருளியலைத் தாய்மொழியில் கற்பித்தல் இயலாது, அதிலும் அரசின் துணையில்லாத தனியார் பல்கலைக்கழகத்தில் அறவே இயலாது, கட்டணம் கட்டுகின்றவன் ஆங்கிலத்தைத்தான் கேட்பான்” என்று சொல்வாருளர். இக்கூற்று மெய்யா என்பதை வாய்ச்சொல்லால் ஆராய்தலினும் வரலாற்றால் ஆராய்தலே சாலச் சிறந்தது. அவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நாடு சப்பான். அங்குப் பொருளியல் கல்வி வேரூன்றியதில் பெரும்பங்கு தனியார் கல்விக்கூடங்களைச் சாரும். இன்றும் அந்நாட்டுப் பல்கலைக்கழக மாணாக்கருள் ஏறத்தாழ நால்வரில் மூவர் தனியார் பல்கலைக்கழகங்களிலேயே பயில்கின்றனர். கட்டணம் கட்டித்தான் பயில்கின்றனர். ஆயினும் அவருள் மிகப்பெரும்பாலோர் பயில்வது சப்பானியத்தில்!

1868-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4-ஆம் நாள். பின்னர்த் தோக்கியோ எனப் பெயர்பெற்ற எடோ நகரில், உயேனோக் குன்றின்மேல் பழைய ஆட்சியின் படையெச்சமும் புதிய அரசின் படையும் மோதின. நகரமே கதவடைத்துக்கொண்டது. கடைகள் இல்லை, கூத்துகள் இல்லை, பள்ளிகளும் இல்லை. அவ்விடத்தினின்று ஏறத்தாழ ஐந்து கல் தொலைவில் இருந்த ஒரு சிறு கல்விக்கூடத்தில் மட்டும், வழக்கம்போல் குறித்த நேரத்தில் வகுப்புத் தொடங்கிற்று. ஆசிரியர் புகுசாவா யுக்கிச்சி. அவர் கையிலிருந்தது பிரான்சிசு வேலாந்து என்னும் அமெரிக்கர் எழுதிய பொருளியல் நூல். வேட்டொலி காதில் விழுந்துகொண்டேயிருந்தது. மாணாக்கர் சிலர் இடையிடையே கூரைமேலேறிப் புகையைப் பார்த்து மீண்டனர். ஆசிரியரோ நிறுத்தவில்லை. அந்தக் கல்விக்கூடமே இன்றைய கெய்யோ பல்கலைக்கழகம். அந்நிகழ்ச்சியைப் பழைய நாட்காட்டிக் கணக்கின்படி ஒவ்வோராண்டும் மே 15-ஆம் நாளில் இன்றும் அங்குக் கொண்டாடி வருகின்றனர்.

போர் நாளில் ஏன் பொருளியல்? வாளைப் பற்றவேண்டிய நேரத்தில் வணிகக் கணக்கு எதற்கு? இந்த வினாவிலேதான் செய்தி உள்ளது. ஆட்சி மாறும், அரண்மனைகள் எரியும், கொடிகள் இறங்கும். ஆயினும் மறுநாட் காலையில் மக்களுக்குச் சோறு வேண்டும். சோற்றுக்கு விலை வேண்டும். விலைக்கு நாணயம் வேண்டும். அதனை அறிந்தவன் நாட்டில் ஒருவனேனும் இல்லையெனின், வென்றவனும் தோற்றவனும் ஒருங்கே அயல்நாட்டு வணிகனின் கடனாளியாவர். இதனைப் புகுசாவா உணர்ந்திருந்தார். நெப்போலியன் காலத்தில் ஆலந்து நாடு தன் விடுதலையை இழந்திருந்தபோதும், நாகசாகியை அடுத்த தேசிமாத் தீவில் மட்டும் அதன் கொடி இறங்காமற் பறந்த செய்தியைத் தம் மாணாக்கர்க்கு எடுத்துரைத்தார். நாடு கலங்கிய நாளிலும் கல்வியின் கொடி இறங்காத இடமாகத் தம் பள்ளியை அவர் கருதினார். அக்கலக்கத்தின்போது அங்கு எஞ்சிய மாணாக்கர் தொகை ஒரு கட்டத்தில் பதினெட்டு மட்டுமே!

அப்புகுசாவா செல்வக் குடியிற் பிறந்தவரல்லர். 1835-இல் ஒசாகாவில், நக்காட்சுக் குறுநிலத்தைச் சேர்ந்த கீழ்நிலைச் சாமுராய்க் குடியொன்றிற் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்தவர். ஓகாத்தா கோவான் என்னும் மருத்துவரின் பள்ளியில் ஆலந்து மொழி பயின்றார். 1858-இல் எடோவிற்கு வந்து அம்மொழியைக் கற்பிக்கலானார். அச்சிறு பள்ளியே கெய்யோவின் வித்து. மறு ஆண்டு யோக்கோகாமாத் துறைமுகத்திற்குச் சென்றவர், அங்கிருந்த அயலார் கடைப்பலகைகளைப் படிக்க இயலாது திகைத்தார். ஆண்டுக் கணக்கில் உழைத்துக் கற்ற மொழி அங்குப் பயன்படவில்லை; எங்கும் ஆங்கிலமே இருந்தது. சோர்ந்து வீழ்ந்துவிடாமல், மறுநாளே ஆங்கிலம் கற்க முனைந்தார். 1860-இலும் 1867-இலும் அமெரிக்காவிற்கும், 1862-இல் ஐரோப்பாவிற்கும் சென்று மீண்டார். இரண்டாம் அமெரிக்கச் செலவின்போது அவர் வாங்கி வந்தவை பட்டும் கண்ணாடியும் அல்ல, மாணாக்கர்க்குப் பாடநூல்கள்.

இங்கு ஒன்று நோக்கற்பாலது. புகுசாவா ஆங்கிலத்தை வெறுத்தவரல்லர். அதனைக் கற்கத் தாமும் உழைத்துப் பிறரையும் உழைப்பித்தவர். ஆனால் ஆங்கிலத்தை அவர் கிணற்றில் இறங்கும் கயிறாகக் கொண்டாரேயன்றிக் கிணறாகக் கொண்டாரல்லர். கயிற்றால் இறைத்த நீரைத் தம் மக்களின் குடத்தில் ஊற்றுதலே அவர்தம் நோக்கமாக இருந்தது. அக்குடம் மொழி, அதனை வனைதல் சொல்லாக்கம்.

அச்சொல்லாக்கத்தில் அவர் பட்ட பாட்டைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே கூறுகின்றார். பழைய ஆட்சியின் கருவூலத் துறையைச் சேர்ந்த உயர் அலுவலர் ஒருவர், புகுசாவாவிடம் இருந்த சேம்பர்சு பொருளியல் நூலைப் பற்றி அறிய விழைந்து, அதன் உள்ளடக்கத்தையேனும் பெயர்த்துத் தருமாறு கேட்டார். புகுசாவா பெயர்க்கலானார். போட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் குறுக்கிட்டது. அதற்கு நேரான சொல் சப்பானியத்தில் அதுவரை இல்லை. ஓட்டம், பூசல் என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகளை இணைத்துக் ‘கியோசோ’ என்றொரு சொல்லை அவர் ஆக்கினார். அலுவலர் அதனைக் கண்டு முகஞ்சுளித்தார். ‘பூசல்’ என்னும் எழுத்து அமைதியைக் கெடுப்பதாக உள்ளதே என்றார். ஒரு கடைக்காரன் விலையைக் குறைப்பின் அடுத்த கடைக்காரன் அதனினும் குறைப்பான் என்றும், அவ்வாறே பண்டங்களின் விலையும் பணத்தின் வட்டியும் நிலைபெறும் என்றும் புகுசாவா விளக்கினார். பொருள் விளங்கிற்று, ஆயினும் அச்சொல்லை மேலோர்க்குக் காட்ட அலுவலர் அஞ்சினார். இறுதியில் அவ்வொரு சொல்லை மட்டும் மையால் மறைத்துப் புகுசாவா தாளைக் கொடுத்தார்.

அன்று மையால் மறைக்கப்பட்ட அச்சொல் இன்று சப்பானியப் பள்ளிச் சிறுவனின் வாயிலும் வழங்குகின்றது. புதுச்சொல் கேட்டுச் சிரிப்பவரும் சினப்பவரும் எல்லா நாட்டிலும் இருந்தனர். சிரிப்பிற்கு அஞ்சியவன் அயற்சொல்லோடு நின்றுவிட்டான். அஞ்சாதவன் அறிவைத் தன் மொழியில் நிறுத்தினான்.

பொருளியலுக்கே அவர்கள் வழங்கும் பெயர் ‘கெய்சாய்’ என்பது. உலகை ஒழுங்குபடுத்தி மக்களின் துயர் துடைத்தல் என்னும் பொருள்படும் பழஞ்சீனத் தொடரின் சுருக்கம் அது. பணம் சேர்ப்பதைப் பற்றிய பேச்சே அப்பெயரில் இல்லை. தமிழ்ப் புலவர்க்கு இவ்விடத்துத் திருக்குறளின் பொருட்பால் நினைவிற்கு வரும். எழுபது அதிகாரங்கள் கொண்ட அப்பகுதி, அரசையும் அமைச்சையும் நாட்டையும் உழவையும் கூழையும் ஒருசேர வைத்து ஆராய்வது. ஆளும் முறையும் வாழும் முறையும் பொருளோடு பிணைந்தவை என்னும் தெளிவு, இரு நாட்டு முன்னோர்க்கும் இருந்தது. ஒரு நாட்டார் அத்தெளிவைப் பல்கலைக்கழகத்திற்குள் கொண்டு சென்றனர். மற்றொரு நாட்டார் மேடையில் மட்டும் பாராட்டி நின்றனர்.

தனியார் கல்விக்கூடமாயின் பணத்தை எண்ணாதிருக்க இயலுமா எனின், இயலாது. புகுசாவா அதனை மறைக்கவும் இல்லை. அந்நாளைய சப்பானில் மாணாக்கன் ஆசிரியர்க்குப் பணத்தை அழகிய தாளிற் சுற்றிக் காணிக்கையாக வைத்து வணங்குதலே வழக்கம். எவ்வளவு என்பது இருவர்க்கும் தெரியாதது போன்றதொரு நடிப்பு. புகுசாவா அந்நடிப்பை ஒழித்தார். கற்பித்தலும் மாந்தன் செய்யும் உழைப்பே. உழைப்பிற்குக் கூலி பெறுதலில் நாணம் எதற்கு என்று வினவினார். திங்கள்தோறும் இவ்வளவு என்று ஒரே தொகையை வரையறுத்தார். அதற்கெனக் கட்டணப் பெயரொன்றும் ஆக்கினார். தாளிற் சுற்றவேண்டா, மிகையாகக் கொடுத்தால் மிச்சத்தைத் திருப்பித் தருவோம் என்றும் சொன்னார். பொருளியலின் முதற் பாடத்தை அவர் கரும்பலகையில் எழுதவில்லை. பள்ளியின் வாயிலிலேயே நடத்திக் காட்டினார்.

ஆனால் கட்டணம் பெறுவது வேறு. கல்வியை விற்பது வேறு. 1877-இல் நிகழ்ந்த சத்சுமாக் கிளர்ச்சிக்குப் பின்னர் விலைகள் ஏறின; சாமுராய்க் குடி மாணாக்கர் குறைந்தனர்; பள்ளி தள்ளாடிற்று. அரசிடம் கேட்ட கடன் கிடைக்கவில்லை. மூடிவிடலாம் என்று எண்ணுமளவிற்கு நிலை முற்றியது. 1880-இல் பழைய மாணாக்கரும் அன்பரும் கூடிப் பொருள் திரட்டிப் பள்ளியைக் காத்தனர். 1883-இல் கட்டாயப் படைச்சேர்க்கைச் சட்டம் திருத்தப்பெற்றபோது, அரசுக் கல்விக்கூட மாணாக்கர்க்குத் தரப்பெற்ற சிறப்புரிமை தனியார் கல்விக்கூட மாணாக்கர்க்கு மறுக்கப்பெற்றது. அதனாலும் பலர் விலகினர். இவ்வளவையும் தாங்கி நின்ற பள்ளியே பின்னாளிற் பல்கலைக்கழகமாயிற்று.

இன்னொரு தனியார் கல்விக்கூடத்தின் வரலாறு இதனினும் தமிழர் நெஞ்சைத் தொடுவது. 1882-ஆம் ஆண்டு அக்தோபர் 21-ஆம் நாள், தோக்கியோவில் ஓர் உயர்கல்விப் பள்ளி திறக்கப்பெற்றது. அதனை நிறுவியவர் ஓக்குமா சிகெநோபு. முந்தின ஆண்டுதான் அரசினின்று வெளியேற்றப்பட்டவர் அவர். அன்றைய தோக்கியோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உயர்பாடங்கள் பெரும்பாலும் அயல்மொழியிலேயே ஓதப்பெற்றன. திறப்பு விழாவில் ஓனோ அசூசா என்னும் இளைஞர் எழுந்து பேசினார். நாட்டின் விடுதலை மக்களின் விடுதலையைச் சார்ந்தது. மக்களின் விடுதலை கல்வியின் விடுதலையைச் சார்ந்தது. கல்வி விடுதலை பெறவேண்டுமாயின் அது நாட்டின் சொந்த மொழியிலேயே ஓதப்பெறல் வேண்டும் — இதுவே அவர்தம் உரையின் சாரம். அவ்வாறே அரசியலும் பொருளியலும் சட்டமும் அங்குச் சப்பானிய மொழியில் ஓதப்பெற்றன. ஆங்கிலமும் தனியே ஒரு மொழியாகக் கற்பிக்கப்பெற்றது. அரசு அப்பள்ளியை ஐயக்கண்ணோடு நோக்கிற்று. ஓனோ அசூசா 1886-இல் முப்பத்து மூன்று அகவையில் மறைந்தார். அவர் நட்ட மரமோ வளர்ந்தது. அதுவே இன்றைய வசேதா பல்கலைக்கழகம்.

அரசுப் பல்கலைக்கழகம் அயல்மொழியில் ஓதியபோது தனியார் பள்ளி தாய்மொழியில் ஓதியது என்னும் இச்செய்தியை, ‘தனியார் எனின் ஆங்கிலம்’ என்பார் இருமுறை படித்தல் வேண்டும்.

ஆயினும் ஒரே நாளில் எல்லாம் கனிந்துவிட்டன என்று கருதலாகாது. கெய்யோவின் வரலாறே அதற்குச் சான்று. அங்கு 1890-இல் இலக்கியம், பொருளியல், சட்டம் என்னும் மூன்று துறைகளோடு பல்கலைக்கழகப் பிரிவு தொடங்கப்பெற்றபோது, தலைமைப் பேராசிரியராக அமர்த்தப்பெற்ற மூவரும் அமெரிக்கர். ஆர்வர்டுப் பல்கலைக்கழகத் தலைவர் எலியட்டின் துணைகொண்டு அழைக்கப்பெற்றவர்கள். பொருளியல் துறைக்கு வந்தவர் காரட்டு திராப்பர்சு. அவர் ஆங்கிலத்தில்தான் ஓதினார். இதனைக் கெய்யோ முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை. கடந்து செல்லவேண்டிய படியாகவே கொண்டது. 1899-இல் தன் சொந்தச் செலவில் தன் மாணாக்கரை மேனாடுகட்கு அனுப்பிற்று. அவருள் ஒருவராகிய ஓரியே கீயிச்சி, திரும்பி வந்து தம் மாணாக்கர்க்குப் பொருளியல் ஓதினார். 1905 முதல் 1918 வரை அங்கு ஓதிய புகுதா தொக்குசோ, பெரும் பொருளியலறிஞர் பலரை உருவாக்கினார். அவர்தம் மாணாக்கர் கொய்சுமி சின்சோ, ரிக்கார்டோவின் முதன்மை நூலைச் சப்பானியத்திற் பெயர்த்தார். பின்னர் அப்பல்கலைக்கழகத்திற்கே தலைவரானார். 1909-இல் கெய்யோ அறிஞர்கள் தங்கள் ஆய்வுகளைத் தங்கள் மொழியில் வெளியிட ஓர் இதழையும் தொடங்கினர்.

படிகளை எண்ணிப் பார்க்க. முதலில் அயல்மொழி நூலும் தாய்மொழி விளக்கமும். அடுத்து அயலாசிரியர். அடுத்து அயல்நாட்டிற்குச் சென்று மீண்ட சொந்த ஆசிரியர். அடுத்து மொழிபெயர்ப்பு. அடுத்துத் தாய்மொழியிலேயே முதனூலும் ஆய்விதழும். ஏறத்தாழ நாற்பதாண்டு உழைப்பு! நாற்பதாண்டு என்பது ஓர் ஆசிரியரின் பணிக்காலம். ஒரு தலைமுறை உள்ளத்தில் உறுதிகொண்டால் முடிக்கத்தக்க வேலையே இது.

பல்கலைக்கழகத்திற்கு வெளியேயும் உழைப்பு நிகழ்ந்தது. ஆதாம் சுமித்து 1776-இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ 1884 முதல் 1888 வரை பகுதி பகுதியாகச் சப்பானியத்தில் வந்தது. தொடங்கியவர் இசிகாவா ஏசாக்கு. முடித்தவர் சாகா சோசாக்கு. கார்ல் மார்க்சின் ‘மூலதனம்’ மூன்று பகுதிகளும் 1924-க்குள் தக்கபத்தாக்கே மொத்தோயுக்கியால் முழுமையாகப் பெயர்க்கப்பெற்றன. ஆதலின், சுமித்தைப் போற்றுவோனும் மார்க்சைப் போற்றுவோனும் ஒரே மொழியில் நின்று வழக்காட முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் சப்பானியப் பல்கலைக்கழகங்களில் இவ்விரு பொருளியலும் அருகருகே ஓதப்பெற்றன. மொழி பொதுவாயின் கருத்து வேறுபாடும் செழிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இன்று கெய்யோவில் பொருளியல் இளங்கலை பயில விழையும் மாணாக்கன் நான்காண்டு பயில்கின்றான். நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் உண்டு. அது கடுமையாகவே ஆராயப்பெறும். கணக்கு வழியாக நுழைவோரும் வரலாற்று வழியாக நுழைவோரும் எனச் சேர்க்கை இருவகைப்பட்டு வந்துள்ளது. இருவகையார்க்கும் தாய்மொழியில் கட்டுரை எழுதுந்திறம் ஆராயப்பெற்றது. முதல் இரண்டாண்டு யோக்கோகாமாவைச் சார்ந்த கியோசி வளாகத்தில் கணக்கும் புள்ளியியலும் அடிப்படைப் பொருளியலும் வரலாறும் அயல்மொழியும் பயில்வான். அடுத்த இரண்டாண்டு தோக்கியோவின் மீத்தா வளாகம். புகுசாவா 1871-இல் பள்ளியைக் கொண்டு சென்ற அதே இடம்.

மீத்தாவில் அக்கல்வியின் உயிர்நாடி, பேராசிரியர் ஒருவரைச் சூழ்ந்து சிறு தொகையினராய் அமரும் ஆய்வுக் குழாம். ‘செமி’ என்று செருமானியச் சொல்லொன்றைக் குறுக்கி அதனை வழங்குவர். அங்கு மாணாக்கன் வாய்மூடிக் குறிப்பெடுப்பதில்லை. ஒரு நூலையோ ஒரு சிக்கலையோ எடுத்து அவனே விளக்குதல் வேண்டும், மற்றவர் மறுப்பர், அவன் விடையிறுக்க வேண்டும். முடிவில் ஆய்வுரை எழுத வேண்டும். இங்கேதான் தாய்மொழியின் ஆற்றல் புலப்படும். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க எம்மொழியும் போதும். மறுத்துப் பேசவும், எண்ணியதைத் திருத்தவும், இதுவரை எவரும் சொல்லாததைச் சொல்லவும், கனவு காணும் மொழியே வேண்டும்.

சப்பானியம் செய்ததெல்லாம் குற்றமற்றது என்பதும் அன்று. அவர்கள் புதுச்சொற்களை ஆக்கியது பெரும்பாலும் சீன எழுத்துகளைக்கொண்டு. அவர்தம் பழஞ்சொல் வளம் அப்பணிக்குப் போதாமற் போயிற்று. பிற்காலத்தில் அவ்வுழைப்பும் தளர்ந்து, விலையேற்றத்தைக் குறிக்கும் சொல் முதலாக ஆங்கிலச் சொற்கள் பல குறுகித் திரிந்து அவர் பேச்சிற் புகுந்துவிட்டன. 2016-இல் கெய்யோவின் பொருளியல் துறையே முற்றிலும் ஆங்கிலத்தில் பயிலும் பிரிவொன்றைத் தொடங்கிற்று. ஆனால் ஆண்டுதோறும் சேரும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருள் ஏறத்தாழ நூற்றுவர்க்கு மட்டுமே உரியது அப்பிரிவு. வீட்டிற்கு ஒரு பலகணி திறந்தனர், வீட்டை இடித்தாரல்லர்.

இவற்றினும் பெரிய குற்றம் ஒன்றுண்டு. தன் மொழியில் கற்று எழுந்த அந்நாடே, கொரியாவை அடிமைகொண்டு அம்மக்களின் மொழியை மிதித்தது. 1938-க்குப் பின் கொரிய மொழி அந்நாட்டுப் பள்ளிகளினின்றே ஒதுக்கப்பெற்றது. 1942-இல் கொரிய அகரமுதலி தொகுத்துக்கொண்டிருந்த அறிஞர்கள் சிறையிடப்பட்டனர். அவருள் இருவர் சிறையிலேயே மாண்டனர். தன் தாயைப் போற்றுவோன் பிறன் தாயைப் பழிப்பானாயின், அவன் போற்றியது தாயையன்று, தன் செருக்கையே! மொழிப்பற்று என்பது தன்னுரிமை காத்தலேயன்றிப் பிறருரிமை பறித்தலன்று என்பதனைத் தமிழர் இவ்வரலாற்றினின்று மறவாது கற்றல் வேண்டும்.

அச்செருக்கிற்குக் கெய்யோவின் பொருளியல் மாணாக்கரே விலை கொடுத்தனர். 1943-இல் கலைத்துறை மாணாக்கர்க்கு இருந்த படைவிலக்கு நீக்கப்பெற்றபோது, வகுப்பறைகளினின்று அவர்கள் போர்க்களத்திற்கு இழுக்கப்பட்டனர். அங்குப் பொருளியல் பயின்ற உயேகாரா ரியோச்சி என்னும் இளைஞர், தற்கொலைப்படை வானூர்தியில் ஏற்றப்பெற்று, 1945-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் ஒக்கினாவாக் கடலில் மாண்டார். அகவை இருபத்திரண்டு. புறப்படுதற்கு முன்னிரவில் அவர் எழுதிவைத்த தாளில், வல்லாட்சி நாடுகள் ஒரு நேரம் வென்றாலும் இறுதியில் வீழ்ந்தே தீரும், மாந்தனின் விடுதலை வேட்கையை எவராலும் அழிக்க இயலாது என்னும் கருத்தைத் தெளிவுற உரைத்திருந்தார். சாவின் வாயிலில் நின்றும் அவ்வளவு தெளிவாக எண்ண முடிந்ததே, தன் மொழியில் எண்ணப் பழகிய உள்ளத்தின் திறமன்றோ!

இனித் தமிழ்நாட்டின் நிலையை ஒருசிறிது நோக்கின், வித்து இல்லை என்று எவரும் சொல்லற்கியலாது. 1960-இல் கோவை அரசுக் கல்லூரியில் கலைப்பாடங்களைத் தமிழில் பயிற்றும் முயற்சி தொடங்கப்பெற்றது. அப்பத்தாண்டில் தமிழ் வெளியீட்டுக் கழகம் கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் வெளியிட்டது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் பொருளியல் தமிழில் ஓதப்பெறுகின்றது. அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ்வழி இளங்கலையும் உண்டு. தமிழ்வழி கற்றார்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது முன்னுரிமை தரும் சட்டமும் 2010-இல் இயற்றப்பெற்றது. மார்க்சின் ‘மூலதனம்’ தியாகுவால் தமிழாக்கப்பெற்று 1998-இல் வெளிவந்தது. அப்பணி நடந்த இடம் பல்கலைக்கழகம் அன்று, சிறைக்கூடம்! சிறைக்குள் இருந்தவர்க்கு இயன்றது, பெருஞ்சம்பளம் பெறும் பேராசிரியர்க்கு இயலாதாம்!

சொல் இல்லை என்பாரும் உளர். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, போட்டி, முற்றுரிமை, கூலி, வட்டி, வாரம், பணவீக்கம், பணவாட்டம் ஆகியவை எந்நாட்டுச் சொற்கள்? இன்று சம்பளத்தைக் குறிக்கும் ‘ஊதியம்’ என்னும் சொல், குறளில் வணிகன் பெறும் ஆக்கத்தைக் குறித்து நின்றது. ‘பொருளாதாரம்’ என்னும் கலப்புச் சொல்லை விடுத்துப் ‘பொருளியல்’ என்று சொல்ல எவருக்கும் நா வறண்டுவிடாது. சப்பானியர்க்குச் சீனத்தின் வாயிலில் நின்று பெறவேண்டியிருந்தது. தமிழர்க்கோ தம் வீட்டு நெற்குதிரைத் திறந்தாலே போதும்.

குறை சொல்லில் இல்லை, உள்ளத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் பெருகியுள்ள தனியார் பல்கலைக்கழகங்களில் பொருளியல் இளங்கலை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே ஓதப்பெறுகின்றது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளியின் மகன், தன் தந்தையின் கூலி ஏன் உயரவில்லை என்பதை ஆங்கிலத்தில் எழுதித் தேறுகின்றான். வீட்டிற்கு வந்து தந்தைக்கு அதனை விளக்க இயலாது விழிக்கின்றான். தஞ்சை உழவனின் மகள், நெல்லுக்கு அரசு விலை குறிக்கும் முறையைப் படமிட்டுக் காட்டுகின்றாள். களத்துமேட்டில் நிற்கும் அண்ணனுக்கு அப்படம் புரிவதில்லை. கற்றவர் ஒரு கரையில். உழைப்பவர் ஒரு கரையில். நடுவே ஓடும் ஆற்றிற்கு ஆங்கிலம் என்று பெயர். இவ்வாற்றின்மேல் பாலம் கட்டாத பல்கலைக்கழகம் எவ்வளவு உயர்ந்த மாடம் எழுப்பினும், மண்ணுக்கு அஃது அயலே.

ஆங்கிலத்தை விலக்குக என்பதன்று இங்குக் கூறப்படுவது. கெய்யோ செய்ததைச் செய்க! ஆங்கிலத்தை மொழியாகச் செவ்வையாகக் கற்பிக்கட்டும். பொருளியலைப் பொருளியலாகத் தமிழில் ஓதட்டும். ஒவ்வொரு தனியார் பல்கலைக்கழகமும் தமிழ்வழிப் பிரிவு ஒன்றையேனும் திறக்கட்டும். பொருளியல் பேராசிரியர் ஒவ்வொருவரும் தம் பணிக்காலத்திற்குள் ஒரு முதனூலையேனும் தமிழிற் பெயர்க்கவோ, ஒரு பாடநூலையேனும் தமிழில் ஆக்கவோ உறுதிகொள்ளட்டும். மாணாக்கன் தன் ஊரின் நெசவையும் உழவையும் மீன்பிடியையும் வட்டிக்கடையையும் ஆராய்ந்து, அவ்வூரார் படித்தறியத்தக்க தமிழில் ஆய்வுரை எழுதட்டும். பொருள் படைத்த தமிழர், கெய்யோவின் பழைய மாணாக்கர் 1880-இல் செய்ததுபோல், அப்பணிக்குக் கொடை வழங்கட்டும். தமிழ்வழி கற்றானுக்குத் தனியார் தொழிலகங்களும் கதவு திறக்கட்டும். திறக்குமாறு தமிழ் மக்கள் கேட்கட்டும்.

ஒரு நாடு போரால் கலங்கிய நாளில், பதினெட்டுப் பேராய்க் குறைந்துபோன கல்விக்கூடமொன்று தன் விளக்கை அணையவிடவில்லை. தமிழ்நாட்டிலோ வேட்டொலி இல்லை, புகை இல்லை, கூரைமேலேறிப் பார்க்கவேண்டிய அச்சமும் இல்லை. மாணாக்கர் இலக்கக் கணக்கில் உளர். இல்லாதது ஒன்றே: தன் மொழியில் எண்ணித் தன் பொருளைத் தானே ஆள்வோம் என்னும் துணிவு! அத்துணிவு வகுப்பறையிற் பிறக்கும் நாளே தமிழினத்தின் பொருள் விடுதலை பிறக்கும் நாள் என்க!